எரரா, வார்னிங்கா, ட்ரேஸா: கனெக்டரின் லாகை யாருக்காக எழுதுகிறோம்?

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு 66 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டதும் முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். அப்புறம் மதகு திறப்பு. எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளிலும் அணையில் பதிவு நிற்காது. நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று நாலு எண்கள் எழுதப்படும். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வரும். சம்பா நடவு போட்டவர் மட்டும் அதைத் தேடிப் படிப்பார்.

மென்பொருள் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவுதான் லாக். ஒவ்வொரு வரியும் எவ்வளவு அவசரம் என்று குறிக்கும் லாக் லெவலும் இதே ஏற்பாடுதான். அந்த நாலு எண்கள் இன்ஃபோ. 66 அடி வார்னிங். 69 எரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 66 என்ற எண்ணை மழையில் நனைந்தபடி அணை மேல் நிற்கும் பொறியாளர் அந்த நேரத்துப் பதற்றத்தில் முடிவு செய்வதில்லை. எந்த எண் வந்தால் யார் எழுந்து ஓட வேண்டும் என்பது வெயில் காலத்திலேயே முடிவாகியிருக்கிறது. நாம் எழுதும் லாக்கில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. கோட் எழுதும் ஆளுக்கு அந்த வரியை அடிக்கும்போது என்ன மனநிலையோ அதுதான் லெவலாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பயந்திருந்தால் எரர், நம்பிக்கையாக இருந்தால் இன்ஃபோ.

நான் பத்து வருடத்துக்கு மேலாகக் கடைகளுக்கு கனெக்டர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மென்பொருளில் இருக்கும் தகவலை எடுத்து, வடிவம் மாற்றி, இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடைத்தரகர்தான் கனெக்டர். கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையில் பில்லிங் மென்பொருளிலிருந்து டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு, கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறையின் ஈஆர்பியிலிருந்து (நிர்வாக மென்பொருள்) ஜிஎஸ்டிக்காக பில்லைப் பதியும் இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு, சுங்குடிச் சேலை விற்பவரின் ஆன்லைன் ஆர்டரிலிருந்து ஸ்டாக் கணக்குக்கு. இரண்டு பக்கமும் நம்முடையது இல்லை. பில் ஏறவில்லை என்றால் பில்லிங்காரர் "நாங்க அனுப்பிட்டோம்" என்பார், டாலியைப் பார்த்துக்கொள்பவர் "எங்களுக்கு வரல" என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த நேரத்தில் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி லாக் ஃபைல்.

லெவல் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 1980களில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதியபோது, அதன் துணையாக சிஸ்லாக் என்று ஒரு லாக் முறையைச் செய்தார். அதில் எட்டு படிகள்: 0 என்றால் எமர்ஜென்சி, 3 எரர், 4 வார்னிங், 6 இன்ஃபோ, 7 டிபக் (கோளாறு தேடும்போது மட்டும் பார்க்கும் நுணுக்க விவரம்). எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 2009ல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் வரை அதே எட்டுதான். பைத்தான் என்ற நிரல் மொழியில் இது தலைகீழ்: டிபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. எண் கூடக் கூட ஆபத்து அதிகம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் உள்ள ட்ரேஸ்லெவலில் ஆஃப் 0, எரர் 1, வார்னிங் 2, இன்ஃபோ 3, வெர்போஸ் 4. ஒரு கனெக்டரின் செட்டிங்கில் "லெவல் 4" என்று மட்டும் எழுதியிருந்தால், அது கொட்டித் தீர்க்கப் போகிறதா, வாயை மூடிக்கொள்ளப் போகிறதா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருமுறை நான் 1 என்று வைத்து "எல்லாம் வரும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் காலி ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

ட்ரேஸ் என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. லெவலாகச் சொன்னால், டிபக்குக்கும் கீழே, போன ஒவ்வொரு எழுத்தையும் வந்த ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே எழுதுவது. டிஸ்ட்ரிபியூட்டட் ட்ரேசிங் என்று சொல்லும்போது பொருள் வேறு: ஒரே கோரிக்கை பல சர்வர்கள் வழியாகப் போன பாதையை ஒரே எண்ணை வைத்துப் பின்தொடர்வது. அந்த எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கீழமாசி வீதிக் கடை. மளிகை மொத்த வியாபாரம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போகும். ராத்திரி கடை சாத்தியதும் அன்றைய பில்கள் கனெக்டர் வழியாக டாலிக்கு ஏறிவிடும். ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 11ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். பில்லிங்கில் உள்ள 43 பில்கள் டாலியில் இல்லை.

லாக்கைத் திறந்தேன். 43 பில்களுக்கும் வரி இருந்தது. எல்லாமே இன்ஃபோ. "பில் 4127 அனுப்பப்பட்டது, பதில் 200." அடுத்ததும் 200. அதற்கடுத்ததும் 200. எரர் என்ற சொல்லைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமான லாக்கை நான் பார்த்ததே இல்லை. சரி, சந்தேகப்பட வேண்டியதுதான் என்று ட்ரேஸை ஆன் செய்து, 4127ஐ மட்டும் மறுபடி அனுப்பிப் பார்த்தேன்.

டாலியோடு பேசுவது எக்ஸ்எம்எல்லில், அதாவது ஒவ்வொரு தகவலையும் பெயரிட்ட டேக்குக்குள் வைக்கும் எழுத்து வடிவில். வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (கம்ப்யூட்டரின் இணைப்பு வாசல் எண்) டாலி காதைத் திறந்து வைத்திருக்கும். பில்லின் கணக்குப் பதிவான வவுச்சரை எக்ஸ்எம்எல்லாகக் கட்டி அங்கே அனுப்புவோம். பதிலும் எக்ஸ்எம்எல்லாகவே வரும். எத்தனை உருவாயின, எத்தனை திருத்தப்பட்டன, எத்தனை எரர் என்று தனித்தனி டேக்குகள். ட்ரேஸில் அந்தப் பதில் முழுதாகத் தெரிந்தது: உருவானது 0, எரர் 1. கூடவே லைன்எரர் என்ற டேக்கில், இந்தப் பெயரில் லெட்ஜர் (கணக்குப் பேரேடு) இல்லை என்ற செய்தி.

நடந்தது இதுதான். கடையின் அக்கவுண்டன்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டாலியில் பெயர்களை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு ஊரில் கடைகள் இருந்ததால் குழப்பம்; "ஸ்டோர்" என்று இருந்ததை "ஸ்டோர்ஸ், மேலூர்" என்று ஊரோடு மாற்றியிருக்கிறார். பதினொரு பெயர்கள். அவர் செய்தது நல்ல வேலைதான். ஆனால் பில்லிங்கில் பழைய பெயர்தானே இருக்கிறது. அந்தப் பதினொரு கடைகளுக்குப் போட்ட ஒவ்வொரு பில்லையும் டாலி திருப்பியனுப்பியிருக்கிறது, காரணத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்காமல் விட்டது எங்கள் கனெக்டர். 200 என்பதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எழுதிக்கொண்டது.

200 என்பது எச்டிடிபியின் பேச்சு; கம்ப்யூட்டர்கள் இணையத்தில் கோரிக்கையும் பதிலும் பரிமாறும் முறை அது. அதன் பொருள், கடிதம் போய்ச் சேர்ந்தது, பதிலும் வந்தது. கடிதத்தில் கேட்டது நடந்ததா என்பது உறைக்குள்ளே இருக்கிறது. லாரி ஆபீஸில் மூட்டையை புக் செய்தால் ரசீது தருவார்கள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு, மேலூர்க் கடைக்காரர் சரக்கை இறக்கிக்கொண்டார் என்று யாராவது கணக்கு எழுதுவார்களா? நாங்கள் எழுதினோம்.

பழைய பெயர்களை டாலியில் அந்தந்த லெட்ஜருக்கு அலியாஸாக (மாற்றுப் பெயராக) சேர்த்ததும் 43 பில்களும் ஏறிவிட்டன. அரை மணி நேர வேலை. அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலை: இந்த மாதிரிப் பதிலை எந்த லெவலில் எழுதுவது?

நான் எனக்கென்று வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த வரியைப் படித்த ஒரு மனிதர் ஏதாவது செய்ய வேண்டுமா? இன்றே செய்தாக வேண்டும் என்றால் எரர். லெட்ஜர் இல்லை என்பது எரர்; யாராவது பெயரைச் சரிசெய்யும்வரை ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் இப்படியே போனால் சிக்கல் என்றால் வார்னிங். எதிர்முனை சர்வர் பதில் சொல்லாமல் டைம்அவுட் ஆகி, கனெக்டர் தானாக மறுபடி முயன்று, இரண்டாவது முறை போய்ச் சேர்ந்துவிட்டது என்றால், அது வார்னிங்கைத் தாண்டக் கூடாது. நிறைய கனெக்டர்கள் முதல் டைம்அவுட்டிலேயே எரர் என்று கூவுகின்றன. ராத்திரி பத்து எரர் வரும், காலையில் பார்த்தால் எல்லாம் ஏறியிருக்கும். புலி வருது கதைதான். பதினோராவது எரரை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அன்றைக்குத்தான் புலி வந்திருக்கும். என் கருத்தில், கவனிக்கப்படாத எரரைவிடத் தேவையில்லாத எரர்தான் அதிக நாசம் செய்கிறது. முதலாவது ஒரு பில்லைத் தொலைக்கும். இரண்டாவது படிக்கும் பழக்கத்தையே தொலைத்துவிடும்.

இன்னும் சிக்கலான ஒன்று இ-இன்வாய்ஸில் வரும். 2020 அக்டோபரில் ரூ.500 கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு ஆரம்பித்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் ரூ.5 கோடிக்கு வந்தது. அதிலிருந்து நம்ம ஊர் நடுத்தர வியாபாரிகள் நிறையப் பேர் இதற்குள் வந்துவிட்டார்கள். பில்லை போர்ட்டலுக்கு அனுப்பினால் ஐஆர்என் என்ற 64 எழுத்து அடையாளம் திரும்ப வரும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது அது. அதனால் ஒரே பில்லை இரண்டு முறை அனுப்பினால் இரண்டாவது முறை 2150 என்ற எண்ணோடு "ஐஆர்என் ஏற்கெனவே உள்ளது" என்று வரும்.

இப்போது இதை யோசியுங்கள். பில் போனது, அங்கே ஐஆர்என் உருவாகிவிட்டது, பதில் வரும் வழியில் நெட் கட். கனெக்டரைப் பொறுத்தவரை தோல்வி, மறுபடி அனுப்புகிறது. 2150. பெயர் எரர், சொல்லும் சேதியோ, உன் வேலை முதல் முறையே முடிந்துவிட்டது என்பது. அந்தப் பதிலுக்குள்ளேயே பழைய ஐஆர்என்னும் இருக்கும். எடுத்து பில்லில் ஒட்டிக்கொண்டு, இன்ஃபோ என்று எழுதிவிட்டுப் போகலாம். அதே 2150, முதல் முயற்சியிலேயே வந்தால் கதை வேறு. வேறு யாரோ அதே பில் எண்ணில் ஏற்கெனவே பதிந்திருக்கிறார்கள், ஒருவேளை இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே வரிசை எண் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிச்சயமாக எரர். எண் ஒன்றுதான், லெவல் இரண்டு. முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் எந்த லெவல் என்று சொல்ல முடியும். எரர் கோடுகளை அட்டவணை போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு லெவல் ஒட்டிவைக்கும் கனெக்டர்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

முன்னால் நடந்ததைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த எண். லாரி ஆபீஸில் எல்ஆர் நம்பர் என்று ஒன்று போடுவார்கள். புக்கிங் கவுண்டரில், குடோனில், வண்டியில், டெலிவரி எடுக்கும் இடத்தில், எங்கே கேட்டாலும் அந்த ஒரு நம்பரைச் சொன்னால் போதும். கனெக்டரில் இதை கோரிலேஷன் ஐடி என்பார்கள். பில் உள்ளே வரும்போதே ஒரு எண்ணைக் கொடுத்து, அந்த பில்லைப் பற்றி எழுதும் எல்லா வரியிலும் அதைச் சேர்க்க வேண்டும். இதற்குப் பொதுவான வடிவம் ஒன்றை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020ல் பரிந்துரையாக வெளியிட்டது. கோரிக்கையோடு போகும் ட்ரேஸ்பேரண்ட் என்ற தலைப்பு வரியில் (ஹெட்டர்) 32 எழுத்து எண் போகும். கடைக் கணக்குக்கு அவ்வளவு தேவையில்லை. பில் எண்ணும் முயற்சி எண்ணும் இருந்தாலே பாதி ராத்திரித் தூக்கம் மிச்சம்.

கூடவே கடிகாரம். ராத்திரி 11:40க்குப் போட்ட பில்லை எதிர்முனை லாக்கில் தேடி, கிடைக்காமல் ஒரு மணி நேரம் போனது எனக்கு. அவர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகிறார்கள், 18:10 என்று இருந்தது. ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த நேரத்தில்தான் மறந்துபோகும். நேரத்தோடு +05:30 என்றும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கம்ப்யூட்டர் கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வைக்கச் சொல்கிறது. லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

வைத்திருக்க வேண்டும் என்றதும், எல்லாவற்றையும் ட்ரேஸில் போட்டு வைத்தால் என்ன என்று தோன்றும். அதற்கு இன்னொரு கடை. ஹார்டுவேர் வியாபாரம். தீபாவளி நெருக்கடியில் ஒரு கோளாறைத் தேட ட்ரேஸை ஆன் செய்தோம், கோளாறு கிடைத்தது, ட்ரேஸை அணைக்க மறந்தோம். கனெக்டர் பத்து விநாடிக்கு ஒருமுறை புது பில் உண்டா என்று பார்க்கும். ஒரு நாளைக்கு 8,640 முறை. ஒரு முறைக்கு 20 கேபி எழுதினால் நாளுக்குச் சுமார் 170 எம்பி. சி டிரைவில் 12 ஜிபி மிச்சம். எழுபது நாள். பொங்கல் வாக்கில் டிஸ்க் நிறைந்து, பில்லிங் மென்பொருளே சேமிக்க இடமில்லாமல் நின்றது. கோளாறைக் கண்டுபிடிக்க வைத்த ஆளே கல்லாவை மூடிவிட்டான்.

இடத்தை மட்டும் பற்றிய கவலை என்றால், ஃபைலுக்கு 10 எம்பி, மொத்தம் பத்து ஃபைல், பழையது தானாக அழியட்டும் என்று ரொட்டேஷன் போட்டு முடித்துவிடலாம். பெரிய கவலை, ட்ரேஸுக்குள் என்னவெல்லாம் போய் உட்காருகிறது என்பது. போனது வந்தது முழுவதையும் எழுதினால், லாகின் அழைப்பும் அதில்தான் இருக்கும்: யூசர்நேம், பாஸ்வேர்ட், டோக்கன், வாடிக்கையாளரின் போன் நம்பர். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. பாஸ்வேர்டை மறைகுறியாக்கி வைக்கும் ஏற்பாடு சரியாகவே இருந்தது. அது மறைகுறியாகும் முன்பே உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுவிட்டது. நாம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் எங்கள் ஊரில் லாக் ஃபைல் எப்படிப் பயணம் செய்கிறது தெரியுமா? வாட்ஸ்அப்பில். "அண்ணே, இதை ஒரு பார்வை பாருங்க" என்று ஜிப் செய்து அனுப்புவார்கள். நான் அதைத் திறந்தால் போர்ட்டல் பாஸ்வேர்ட் மூன்றாவது வரியில் இருக்கும். ஆத்தரைசேஷன் ஹெட்டர், பாஸ்வேர்ட் டேக் இவற்றை எழுதும் இடத்திலேயே நட்சத்திரக் குறியாக்கிவிட வேண்டும். அனுப்பும்போது அழித்துக்கொள்ளலாம் என்றால் யாரும் அழிப்பதில்லை, நான் உட்பட.

லாக் எழுதுவதே வாசலைத் திறந்துவிடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்களுக்கு லாக் எழுதித் தரும் லாக்4ஜே நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை, சிவிஇ-2021-44228, தீவிரத்தில் பத்துக்குப் பத்து வாங்கியது. யூசர்நேம் போன்ற ஒரு பெட்டியில் குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு சரத்தை அடித்தால் போதும். அதை லாக்கில் எழுதப் போகும் நூலகம், அதைச் சும்மா எழுத்தாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியே ஒரு சர்வரைத் தொடர்புகொண்டு அங்கிருந்து கோடை இறக்கி ஓட்டிவிடும். ஜாவாவில் எழுதிய பழைய கனெக்டர்கள் கடையின் மூலையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் லாக்4ஜே எந்தப் பதிப்பு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ட்ரேஸே வேண்டாமா என்றால், வேண்டும். அது இல்லாமல் 4127ஐ நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இப்போது நான் செய்வது இது: கனெக்டர் கடைசி இருநூறு வரி ட்ரேஸை மெமரியில் மட்டும் வைத்திருக்கும், டிஸ்கில் எழுதாது. எரர் வந்தால் மட்டும் அந்த இருநூறையும் எரரோடு சேர்த்து எழுதிவைக்கும். எரர் வராத நாளில் ஒன்றும் சேராது. இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பைத்தானின் லாகிங் நூலகத்தில் மெமரிஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது. அது எரர் வந்தால் மட்டுமல்ல, மெமரி நிறைந்தாலும் எழுதிவிடும்; நிறைந்தால் பழைய வரியைத் தள்ளிவிடும்படி கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு மேலும் தேவைப்பட்டால் ட்ரேஸை ஆன் செய்யலாம், ஒரு பில்லுக்கோ ஒரு வாடிக்கையாளருக்கோ மட்டும்.

கீழமாசி வீதிக் கடையில் இப்போது லெட்ஜர் இல்லாத பில் வந்தால் எனக்கு எதுவும் வராது. அக்கவுண்டன்ட் போனுக்குப் போகும்: "பில் 4127 டாலியில் ஏறவில்லை. இந்தப் பெயரில் லெட்ஜர் இல்லை. டாலியில் பெயரைச் சேர்த்துவிட்டு மறுபடி அனுப்பு பட்டனை அழுத்தவும்." அவர் சேர்த்துவிடுகிறார். போன மாதம் ஒரு பார்சல் கணக்குக்காக அந்தப் பக்கம் போனபோது முதலாளி டீ சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு ஒண்ணு ஆன் பண்ணிப் பாத்தீங்களே, எல்லாம் தெரிஞ்சதே. அதை அப்படியே விட்டுருங்களேன். எதுக்கும் இருக்கட்டும்."

ஹார்டுவேர் கடைக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி, அப்ப பொங்கலுக்கு முன்னாடி அணைச்சிருவோம்" என்றார். நான் மறுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும்படிதான் வைத்திருக்கிறேன்.